திறந்த பீப்பாய்

சென்ற வருஷம் அலுவலகத்தைவிட்டுப் போன நண்பர் ஒருவர் எனக்கு ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு கிளாஸ் குடித்தேன். மூடியைத் திருகி அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தவன் அதை மறந்தும்விட்டேன். மூன்று வாரம் கழித்து ஊரிலிருந்து வந்த அம்மாதான் முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார்.

"ஏன்டா, அப்பாயி இருமலுக்குன்னு வாங்கி வச்ச பிராந்தி எட்டு வருஷமா பீரோவுல அப்படியே கெடக்கு. இது மூணு வாரத்துல காடியாப் போச்சே?"

"அதுல ஆல்கஹால் ஜாஸ்திம்மா" என்று ஒப்பேற்றினேன். தப்பான பதில் இல்லை, ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதியைத் தேடிப் படிக்கப்போய்த்தான் ஒன்று உறைத்தது. திறந்த ஒயின் எத்தனை நாள் தாங்கும் என்று இன்று நாம் கேட்கிறோம். வரலாற்றின் பெரும்பகுதியில் சாதாரண மனிதன் குடித்ததெல்லாம் திறந்த ஒயின்தான். திறக்காத பாட்டில் என்பதே பிற்பாடு வந்த சங்கதி.

ரோமானியப் பணக்காரர்கள் இதற்கு விதிவிலக்கு. உள்ளே மரப்பிசின் பூசிய மண்சாடிகளில் ஒயினை ஊற்றி வாயை அடைத்துவைத்தார்கள். ஒபிமியஸ் கான்சலாக இருந்த கி.மு. 121-ஆம் ஆண்டின் ஒயின் அவர்களிடையே பெரும் புகழ் பெற்றது. ஏறக்குறைய 200 வருஷம் கழித்து எழுதிய பிளினி, அது கசக்கும் தேன் மாதிரி இறுகிவிட்டதாகச் சொல்கிறார். அதே ரோமில் அடிமைகளுக்குக் கிடைத்தது வேறு. பண்ணை நிர்வாகம் பற்றி எழுதிய கேட்டோ, வேலையாட்களின் குளிர்காலத்துக்கு ஒரு கலவை சொல்கிறார்: திராட்சைச் சாறு, காடி, காய்ச்சிய சாறு, தண்ணீர், கொஞ்சம் கடல்நீர். கோடையின் நடுப்பகுதிவரை தாங்குமாம். அதற்குமேல் மிஞ்சினால் அருமையான காடி ஆகிவிடும் என்கிறார். எதையும் வீணாக்காத மனுஷன்!

பிறகு சாடியின் இடத்தை மரப்பீப்பாய் பிடித்தது. உருட்டலாம், உடையாது. ஆனால் ஒரு குவளை ஒயினைப் பிடித்தால் ஒரு குவளைக் காற்று உள்ளே போகும். ஆல்கஹாலையும் ஆக்சிஜனையும் சேர்த்து அசிட்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியாவுக்கு அதுவே விருந்து. இடைக்காலத்தில் போர்தோவிலிருந்து இங்கிலாந்துக்கு இலையுதிர் காலத்தில் புது ஒயின் கப்பல்கள் வந்துசேர்ந்ததும் பழைய ஒயினின் விலை விழுந்துவிடும். பழசு என்றால் மட்டம் என்று அர்த்தம். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றியின் அரசவையில் இருந்த பீட்டர் ஆஃப் புளுவா, அங்கே பரிமாறப்பட்ட ஒயின் புளித்தும் கெட்டியாகவும் இருந்ததாகவும், கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு வடிகட்டித்தான் விழுங்க வேண்டியிருந்ததாகவும் புலம்பியிருக்கிறார். ராஜா வீட்டிலேயே இப்படி என்றால் தெருக்கோடிக் கடையில் பீப்பாயின் அடிமண்டியைக் குடித்தவன் கதையை யார் எழுதிவைக்கப் போகிறார்கள்?

17-ஆம் நூற்றாண்டு டச்சு வணிகர்கள் காலிப் பீப்பாய்க்குள் கந்தகத் திரியைக் கொளுத்தினார்கள். அந்தப் புகை கிருமியையும் அடக்கும், ஆக்சிஜனையும் மட்டுப்படுத்தும். இன்றைய ஒயின் பாட்டில்களில் 'சல்ஃபைட்' என்று அச்சிட்டிருப்பது அந்தத் திரியின் வாரிசுதான். ஒயினைக் காய்ச்சி வடித்ததை 'எரித்த ஒயின்' என்ற பொருளில் அவர்கள் அழைத்த பெயர்தான் பிராந்தி ஆயிற்று. சுமார் 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் காடிப் பாக்டீரியா திணறிப்போகும். ஒயினோடு பிராந்தியைக் கலந்த போர்ட்டும் மதீராவும் கடல் தாண்டியது இதனால்தான். அப்பாயியின் பிராந்தியில் 40 சதவீதத்துக்கும் மேல். அதில் எந்த உயிரும் பிழைக்காது.

கிருமி போகட்டும், ஆக்சிஜன் தனியாகவே ஒயினைக் கெடுக்கும். 20 சதவீதம் ஆல்கஹால் உள்ள விண்டேஜ் போர்ட்கூடத் திறந்த சில நாளில் வாசனையை இழக்கிறது. மதீரா மட்டும் தப்பிக்கிறது. கப்பலின் அடித்தட்டில் வெயிலில் வெந்தபடி பூமத்திய ரேகையைக் கடந்துவந்த பீப்பாய்களின் ருசி மக்களுக்குப் பிடித்துப்போக, பிறகு வேண்டுமென்றே சூடாக்க ஆரம்பித்தார்கள். சூட்டாலும் காற்றாலும் கெட வேண்டியதெல்லாம் முன்கூட்டியே கெட்டு முடிந்த ஒயின் அது. எங்கள் பாஷையில் சொன்னால், வரக்கூடிய எல்லாப் பிழையும் டெஸ்டிங்கிலேயே வந்துவிட்ட மென்பொருள். திறந்துவைத்தாலும் மாதக்கணக்கில், சமயத்தில் வருஷக்கணக்கில் நிற்கும்.

பாட்டிலைப் பெரிய ஆளாக்கியது இங்கிலாந்தின் விறகுப் பற்றாக்குறை. கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கக் கூடாது என்று 1615-இல் முதலாம் ஜேம்ஸ் தடைபோட்டார். உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள், சூடு ஏறியது, தடித்த உறுதியான கண்ணாடி கிடைத்தது. அதன் வாயில் தக்கையை இறுக்கி அடைக்க முடிந்தது. அதன்பிறகுதான் பழைய ஒயின் என்பது மறுபடி பெருமையான விஷயமாயிற்று.

ஆனாலும் கெட்டுப்போவது நிற்கவில்லை. 1863-இல் மூன்றாம் நெப்போலியன் காரணத்தைக் கண்டுபிடிக்கும்படி லூயி பாஸ்டரைக் கேட்டுக்கொண்டார். பாஸ்டர் தான் வளர்ந்த அர்புவா ஊரில் ஆய்வுக்கூடம் போட்டார். 50, 60 டிகிரிக்குச் சூடாக்கினால் கிருமி அடங்கும் என்று கண்டார். பாலுக்கு வருமுன்பே பாஸ்டரைசேஷன் ஒயினுக்கு வந்துவிட்டது. எனக்குப் பிடித்தது அவருடைய கண்ணாடிக் குழாய்ச் சோதனை. ஒரு குழாயில் விளிம்புவரை ஒயின், இன்னொன்றில் பாதி ஒயின், பாதி காற்று. இரண்டையும் அடைத்துவைத்தார். முதலாவது மாறவில்லை. இரண்டாவது நிறம் வெளுத்து, அடியில் வண்டல் தங்கியது.

என் சமையலறை பாட்டில் அந்த இரண்டாவது குழாய்தான். மிச்சத்தைச் சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் ஒரு வாரமாவது ஓடியிருக்கும். 1965-இல் ஆஸ்திரேலியாவின் தாமஸ் ஆங்கோவ், ஒயின் குறையக் குறையச் சுருங்கும் பைக்குக் காப்புரிமை வாங்கினார். காற்று நுழைய இடமே இல்லை. மருத்துவக் கருவிகள் செய்துவந்த அமெரிக்கர் கிரெக் லாம்பிரெக்ட், தக்கைக்குள் ஊசியைச் செருகி, ஆர்கான் வாயுவைச் செலுத்தி, பாட்டிலைத் திறக்காமலே ஒயினை எடுக்கும் கருவியை 2013-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மனைவி கர்ப்பமாக இருந்த சமயத்தில் தனக்கு மட்டும் ஒரு கிளாஸ் வேண்டியிருந்ததால் பிறந்த யோசனையாம்.

இவ்வளவையும் அம்மாவிடம் போனில் சொன்னேன். பிராந்தியும் கால்வாசிக்குக் குறைந்து வருஷங்கள் ஆனால் மணம் மங்கும், விஷமாகாது, அவ்வளவுதான் என்றேன்.

"மங்குனா மங்கட்டும், அது மருந்துக்குத்தானே" என்றார். என் ஒயின் பாட்டிலை அவர் கழுவிக் காயவைத்து ஊருக்கு எடுத்துப்போயிருந்தார். இப்போது அதில் நல்லெண்ணெய் இருக்கிறது.