ஹெரால்டு காரின் நான்கு கதவுகள்

ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்களுக்குப் பாடவேறுபாடு என்பது புதிதன்று. ஒரே நூலின் பல படிகளை அருகருகே வைத்து, இங்கே ஒரு சீர் கூடியிருக்கிறது, அங்கே ஓர் அடி விடுபட்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டே போனால், எந்தப் படி மூத்தது, எது பிற்காலத்தது என்பது மெல்லத் துலங்கும். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் அந்த உழைப்பையே மேற்கொண்டார். அதே முறையை ஒரு பழைய மோட்டார் காரின் மீது செலுத்திப் பார்க்கும் வாய்ப்பு நமக்குச் சோமனூரில் கிடைத்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு விசைத்தறிக் கூடம் உண்டு. அதன் பின்புறச் சாய்ப்பில், கழிவு நூல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நெடுங்காலமாக நின்றிருந்தது. கூடத்தின் உரிமையாளர் மறைந்துவிட்டார். பிள்ளைகள் நாடா இல்லாத் தறிகள் போட இடம் வேண்டும் என்று வண்டியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட நினைத்தார்கள். "அப்பா கல்யாணத்துக்கு வாங்கின வண்டிங்க, 1963-ங்க" என்றார் மூத்தவர். பதிவுப் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது. வண்டியைச் சுற்றி வந்த நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. அதற்கு நான்கு கதவுகள் இருந்தன. 1963-இல் வாங்கிய ஹெரால்டுக்கு நான்கு கதவுகள் இருக்க வழியில்லை.

ஏன் வழியில்லை என்பதை அறிய, கார்கள் ஆண்டுதோறும் மாறும் விதத்தைச் சற்று நோக்க வேண்டும். அமெரிக்காவில் அது ஒரு திருவிழா. செவ்ரோலே நிறுவனத்தின் கார்வெட் ஸ்டிங் ரே என்னும் பந்தய வகைக் காரை எடுத்துக்கொள்வோம். 1963-இல் வந்த மூடிய உடல் வண்டியின் பின்கண்ணாடியை நடுவில் ஒரு தண்டு இரண்டாகப் பிளந்திருந்தது. ஓட்டுநர் பின்னால் பார்க்க முடியவில்லை என்று 1964-இல் அந்தத் தண்டு போயிற்று. 1965-இல் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக்கும், ஆறரை லிட்டர் எஞ்சினும் வந்தன. 1966-இல் எஞ்சின் ஏழு லிட்டராயிற்று. 1967-உடன் அத்தலைமுறை முடிந்து 1968-இல் புது உடல் வந்துவிட்டது. ஐந்தே ஆண்டுகள். வாங்குபவன் சென்ற ஆண்டு வண்டியில் சலிப்புக் கொள்ள வேண்டும் என்பதே அந்த வணிகத்தின் அறம்.

நம் நாட்டில் நிலைமை நேர்மாறு. விடுதலைக்குப் பின், உதிரிகளை இறக்குமதி செய்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, இங்கேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்று அரசு வற்புறுத்தியது. 1950களின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. கார்ச் சந்தையில் பெரும்பாலும் மூவர் எஞ்சினர்: கல்கத்தா அருகே அம்பாசிடர் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் ஃபியட் செய்த பிரீமியர், சென்னையை அடுத்த வண்டலூர் – பெருங்களத்தூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ். மூன்றாவது, இங்கிலாந்தின் காவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு நிறுவனத்தோடு சென்னை யூனியன் கம்பெனி கூட்டுச் சேர்ந்து 1940களின் இறுதியில் தொடங்கியது. வேன்கார்டு, எட்டு, பத்து, பென்னன்ட் என்று சில வண்டிகளுக்குப் பின் 1961-இல் அது ஹெரால்டை வெளியிட்டது.

ஹெரால்டின் பிறப்பே ஒரு நெருக்கடியில் நிகழ்ந்தது. காவன்ட்ரி நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து தந்த ஆலையைப் போட்டி நிறுவனம் 1953-இல் விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாக வார்த்துத்தர ஆளில்லை. எனவே தனியாக ஓர் அடிச்சட்டம் அமைத்து, உடலைத் துண்டு துண்டாகச் செய்து அதன்மேல் முடுக்கினார்கள். இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி அதற்கு வடிவம் தந்தார். 1959-இல் பிரிட்டனில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் அது வெளிவந்தது. கூர்ந்த பின்விளிம்புகள், மெல்லிய கூரை, இரண்டே கதவுகள். முன்பக்கம் முழுவதும், விளக்குகளும் மட்கார்டுகளும் உட்பட, முதலை வாய் திறப்பதுபோல் முன்னோக்கிக் கவிழும். எஞ்சினைப் பார்க்க மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். இதே அடிச்சட்டத்தைச் சுருக்கி, அதே மிக்கெலோட்டி வரைந்த இரண்டு இருக்கைப் பந்தயக் கார்தான் 1962-இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். ஆக, நம் ஊர்த் தெருக்களில் ஓடிய ஹெரால்டுக்கு ஒரு பந்தயக் கார் உடன்பிறப்பு.

இனித்தான் பாடவேறுபாடு. ஒரே மூலம் காவன்ட்ரியில் ஒரு வழியும் சென்னையில் மற்றொரு வழியும் சென்றது. பிரிட்டனில் எஞ்சின் 948 சி.சி.யில் தொடங்கி, 1961-இல் 1147 ஆகி, 1967-இல் 1296 ஆயிற்று. கூரை திறக்கும் வண்டி, கூபே எனப் பல வடிவங்கள் வந்தன. ஆனால் 1971-இல் உற்பத்தி நிற்கும்வரை அங்கே ஹெரால்டு சலூனுக்கு இரண்டு கதவுகளே. சென்னையிலோ எஞ்சின் அந்த 948 சி.சி.யிலேயே நின்றது, பெருகியவை கதவுகள். 1960களின் பிற்பகுதியில் வந்த மூன்றாம் வகை ஹெரால்டு நான்கு கதவுகளோடு வந்தது. உலகில் வேறெங்கும் செய்யப்படாத வடிவம் அது.

ஒரு நாட்டில் வேகம் கூடியது, மற்றொரு நாட்டில் வாசல் கூடியது. இதன் காரணம் வெளிப்படையானது. புதிய எஞ்சின் என்றால் புதிய எந்திரங்கள், அதற்கு அந்நியச் செலாவணி, அதற்கு அரசின் அனுமதி. கதவு என்றால் தகடும் கீலும் தச்சுக் கண்ணும் போதும். உடல் துண்டு துண்டாக முடுக்கப்பட்டதாலும், பாரத்தைத் தாங்க அடிச்சட்டம் தனியே இருந்ததாலும், வெட்டி ஒட்டுவது எளிதாயிற்று. காவன்ட்ரியின் நெருக்கடி சென்னைக்கு வசதியாக அமைந்தது. அதோடு, இங்கே கார் தனியொருவன் ஓட்டிக் களிக்கும் பொருளாக இருந்ததில்லை. முன்னிருக்கையை மடக்கிக் குனிந்து பின்னால் நுழைவது சேலை கட்டிய பெண்களுக்கும் முதியவர்களுக்கும் பெரும்பாடு. அம்பாசிடரும் ஃபியட்டும் நான்கு கதவுகளோடு எதிரே நின்றன.

1972-இல் ஹெரால்டு மீண்டும் மாறி 'கஸல்' ஆயிற்று. முகமும் முதுகும் திருத்தப்பட்டன. அதைவிடப் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிகழ்ந்தது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஊசலைப்போலத் தனித்தனியே ஏறி இறங்குபவை. பின்னிருக்கையில் ஆட்கள் நிறைந்தால் அவை கால் விரித்து நிற்கும். கஸலில் அதை நீக்கி, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை அச்சைப் பூட்டினார்கள். நுட்பம் என்று பார்த்தால் அது பின்னோக்கிய அடி. மேடுபள்ளச் சாலையில் ஆறுபேர் ஏறும் வண்டிக்கு அதுவே பொருத்தம். மானின் பெயர் தாங்கிய அவ்வண்டி குறைந்த எண்ணிக்கையிலேயே உருவாகி 1970களின் பிற்பகுதியில் நின்றது.

இடையில் மொழி மாணவர் கவனிக்கத்தக்க ஒரு செய்தி. 'ஸ்டாண்டர்டு' என்னும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் உயர்ந்த அளவுகோல் என்பது பொருள். அந்தப் பெருமிதத்தில்தான் 1903-இல் நிறுவனத்துக்கு அப்பெயர் இட்டார்கள். நாளடைவில் அச்சொல் 'சாதாரண வகை' என்ற பொருளுக்கு இறங்கியது. நம் 'நாற்றம்' நறுமணத்திலிருந்து இறங்கியதுபோல, இது இழிபொருட்பேறு. பிரிட்டனில் 1963-உடன் காருக்கு அப்பெயர் இடுவதை விட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் அது தாழவேயில்லை. 'ஸ்டாண்டர்டான சரக்கு' என்று இன்றும் நம் ஜவுளி வியாபாரிகள் பாராட்டாகவே சொல்கிறார்கள்.

அந்தப் பெயரோடு 1985-இல் வந்த 'ஸ்டாண்டர்டு 2000' நிறுவனத்தின் கடைசிக் காராயிற்று. ரோவர் எஸ்.டி.1 என்னும் பெரிய பிரிட்டன் காரின் உடல். உள்ளேயோ வேன்கார்டு காலத்து 1991 சி.சி. எஞ்சின். அதே எஞ்சின் குடும்பம் 1950களில் டிரையம்ப் டி.ஆர்.2 என்னும் பந்தயக் காரையும் ஓட்டியது, ஃபெர்குசன் டிராக்டரையும் ஓட்டியது. ஆனால் அந்தப் பெரிய உடலை இழுக்க அதற்கு வலுவில்லை. விலையும் பெட்ரோல் செலவும் மிகுதி. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து, சிறியது அழகு என்று மக்களைப் பழக்கிவிட்டிருந்தது. 1988-இல் ஆலையின் கார் உற்பத்தி நின்றது. கதவைக் கூட்டியபோது ஆலை வாங்குபவரின் வீட்டு வாசலைப் பார்த்து மாற்றியது. கடைசியில் பழைய எஞ்சினுக்குப் புது உடல் தேடியபோது அந்தப் பார்வை தவறிவிட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது.

சோமனூர் வண்டிக்குத் திரும்புவோம். கல்யாணப் படத்தைத் தேடி எடுக்கச் சொன்னோம். மாலையோடு மணமக்கள் நிற்க, பின்னால் ஒரு ஹெரால்டு. பக்கத்துக்கு ஒரு கதவு மட்டும். ஆக, படத்தில் இருப்பது வேறு வண்டி, சாய்ப்பில் நிற்பது வேறு வண்டி. பிள்ளைகள் திகைத்தார்கள். உள்ளிருந்து அவர்களுடைய தாயார் வந்தார். படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அது மொத வண்டிங்க. எங்க மாமியாளுக்குக் குனிஞ்சு ஏற முடியலீங்க. ஒருக்கா கோயிலுக்குப் போறப்ப ஏறமாட்டாம, 'நீங்க போயிட்டு வாங்க'ன்னு வாசல்லயே நின்னுட்டாங்க. அவிங்க மனசு கேக்குல. அதைக் கொடுத்துப்போட்டு, நாலு கதவு வந்தொடனே இதை வாங்கியாந்துட்டாங்க."

பிள்ளைகள் இருவரும் அதுவரை அறியாத செய்தி அது. தந்தையை அவர்கள் கணக்கில் கறாரான மனிதராக மட்டுமே அறிந்திருந்தார்கள். ஒரு வார்த்தையும் யாரிடமும் சொல்லாமல், தம் தாய்க்காக ஒரு காரையே மாற்றியவர் என்பதை, அந்தப் பின்கதவுதான் இத்தனை ஆண்டுகள் கழித்துச் சொல்லியிருக்கிறது.

வண்டி காப்பாற்றப்பட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. தறிகள் வந்தாக வேண்டும், கடன் வாங்கியாயிற்று. சென்ற மாதம் அது எடைக்குப் போயிற்று. ஆனால் மூத்தவர் இடப்புறப் பின்கதவை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். கூடத்துச் சுவரில் அது சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அருகில் புதுத் தறிகள் ஓடுகின்றன. அவருடைய தாயார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முந்தானையால் அதன் கைப்பிடித் தூசியைத் துடைத்துவிட்டுப் போகிறார்.