உறையுளும் உணவும்: திருவல்லிக்கேணி மாணவர் குடியிருப்பின் வரலாறு

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தைக் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் ஆலைகளையும் முதலீட்டையும் பேசுகின்றன. அங்கு வந்து சேரும் இளையோர் எங்கே உறங்குகின்றனர், எங்கே உண்கின்றனர் என்பது பின்னரே கவனம் பெற்றது. வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர் தங்கத்தக்க வளாகம் 2024 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. ஊர்விட்டு வந்தோர்க்குத் தங்குமிடம் தருவது யார் என்னும் வினா சென்னைக்கு மிகப் பழையது. பல்கலைக்கழகத்தை ஒட்டிய திருவல்லிக்கேணியில் அது ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அரசியலாகிவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. 1870இல் மாநிலக் கல்லூரி கடற்கரைச் சாலைக் கட்டடத்தில் அமைந்தது. 1879இல் செனட் மாளிகை எழுந்து முடிந்தது. இவற்றுக்குப் பின்புறம் பார்த்தசாரதி கோயிலின் மாட வீதிகளும், ஆர்க்காட்டு நவாப்பைச் சார்ந்து வளர்ந்த இசுலாமியர் தெருக்களும் நெருங்கியிருந்தன. கல்லூரிக்கு நடந்து செல்லும் தொலைவு என்பதே இவ்வூரின் பெருமதிப்பு. முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் எதிர்த்தபோது, 1878இல் ‘தி இந்து’வைத் தொடங்கிய அறுவருள் நால்வர் சட்டம் பயின்ற மாணவர், ஏனைய இருவர் ஆசிரியர். திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடியவர்கள் இவர்கள். பேச்சுக்கும் எழுத்துக்கும் இடம் தந்த இதே தெருக்கள், உறையுளையும் உணவையும் எல்லார்க்கும் ஒன்றுபோல் தரவில்லை.

கல்லூரியில் சேர்வதற்குச் சாதி தடையன்று. கோயிலைச் சூழ்ந்த வீடுகளில் அறை பெறுவதற்கும் உணவகத்தில் உடனமர்ந்து உண்பதற்கும் அது தடையாயிற்று. வெளியூர்களிலிருந்து வந்த பிராமணரல்லாத மாணவர் சிலர் இதனாலேயே படிப்பைத் தொடர இயலாது இடர்ப்பட்டனர். மருத்துவர் சி. நடேச முதலியார் 1916இல் திருவல்லிக்கேணியில் ‘திராவிடர் இல்லம்’ என்னும் விடுதியை நிறுவியதன் பின்னணி இதுவே. 1912இல் அவர் முன்னின்று தொடங்கிய சென்னை ஐக்கியக் கழகம் அதற்குள் திராவிடர் சங்கமாகப் பெயர் மாறியிருந்தது. அரசியல் வரலாற்றாசிரியர் இவ்விடுதியை நீதிக்கட்சியின் முன்னுரையாக ஓரிரு வரிகளில் கடந்து செல்வது வழக்கம். அவ்வாறு கடப்பது பொருந்தாது என்பது என் கருத்து. அரசுப் பணிகளில் வகுப்புவாரிப் பங்கீட்டுக்கான முதல் ஆணை 1921இல் வந்தது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, பணிக்கு முந்திய பட்டமும் பட்டத்திற்கு முந்திய படுக்கையும் சோறும் சிக்கலின் வேர் என்பதை இவ்விடுதி உணர்ந்திருந்தது. விடுதி நெடுங்காலம் நிலைக்கவில்லை. எனினும், மாணவர் விடுதியைச் சமூகநீதியின் கருவியாகக் கருதும் மரபு இங்கு வேர்கொண்டது.

உணவகம் பற்றிய பூசலோ அத்துடன் ஓயவில்லை. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் மறியலைத் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் கைதாயினர். மாதக்கணக்கில் நீண்டபின் அச்சொல் அகன்றது. தெருவில் அறை தேடிய மாணவனுக்கு அந்தப் பலகை வெறும் எழுத்தன்று என்பதை 1916இன் பின்னணியோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

பிற்காலத்தில் பெருகிய ‘மேன்சன்’கள் வேறொரு தீர்வைத் தந்தன. ஒற்றை அறையில் இருவரோ மூவரோ வாடகையைப் பகிர்ந்து வாழ்ந்தனர். உணவுக்குத் தெருவோர மெஸ். குடும்ப வீட்டின் சாதி விசாரணை அங்கே தளர்ந்தது. பெண்களோ இவ்வமைப்பிற்குப் பெரும்பாலும் வெளியிலேயே நின்றனர். மேன்சன் ஆடவர்க்குரிய இடமாகவே வளர்ந்தது. திருவல்லிக்கேணியின் தங்குமிடங்களைத் தனியாரும் சங்கங்களும் சிறுகச் சிறுக உருவாக்கினர். வல்லம் வடகாலில் அரசு ஒரே வளாகமாகக் கட்டியது. அங்குத் தங்குவோருள் பெரும்பாலோர் பெண்கள்.