பிள்ளைக்கு லேப்-டாப் வாங்கப் போறீங்களா? "ஐ7 ஸ்டிக்கர்" பார்த்து ஏமாறாதீங்க!

சென்னை:

பள்ளிக்கூடம் திறந்தால் போதும். நோட்டு, ஷூ, பை, வேன் கட்டணம் என்று செலவு வரிசை கட்டி நிற்கும். இப்போது அதோடு "அப்பா, லேப்-டாப் வேணும்" என்ற கோரிக்கையும் சேர்ந்துவிட்டது.

தினக்கூலிக்கு போகிறவருக்கும், ஆட்டோ ஓட்டுபவருக்கும், வீட்டு வேலைக்கு செல்லும் அம்மாவுக்கும் ரூ.20 ஆயிரம், ரூ.30 ஆயிரம் என்பது சின்ன காசு இல்லை. சிலர் கம்மலை அடகு வைக்கிறார்கள். சிலர் தண்டலில் பணம் எடுக்கிறார்கள். அப்படி வாங்கிய லேப்-டாப் 6 மாதத்தில் ஆமை வேகத்துக்கு வந்தால் வயிறு எரியத்தானே செய்யும்?

குறைந்த விலையில், பிள்ளை தூக்கிக்கொண்டு போகிற மாதிரி எடை குறைவான லேப்-டாப்பை பார்த்து வாங்குவது எப்படி? விவரம் வருமாறு:-

முதலில் தேவையா என்று பாருங்க

8-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு தனி லேப்-டாப் அவசியம் இல்லை. பாடம் பார்க்கவும், வீட்டுப்பாடம் அனுப்பவும் வீட்டில் இருக்கும் செல்போன் போதும்.

பிளஸ்-1, பிளஸ்-2வில் கம்ப்யூட்டர் குரூப் எடுத்தவர்களுக்கு கட்டாயம் உதவும். தமிழக பாடத்திட்டத்தில் பிளஸ்-1 கம்ப்யூட்டர் சயின்சில் சி பிளஸ் பிளஸ், பிளஸ்-2வில் பைத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் பாடத்தில் பிளஸ்-1ல் ஓப்பன் ஆபீஸ் வருகிறது. இதை எல்லாம் செல்போனில் டைப் அடித்து பழகுவது கஷ்டம்.

இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. பைத்தான், சி பிளஸ் பிளஸ், ஓப்பன் ஆபீஸ் எல்லாமே இலவசம். இவற்றுக்கு பெரிய கம்ப்யூட்டரும் தேவை இல்லை. சாதாரண லேப்-டாப்பிலேயே சூப்பராக ஓடும். "படிக்கிற பையன் சார், ஐ7 எடுத்தாத்தான் தாங்கும்" என்று கடையில் சொன்னால், தலையாட்டிவிட்டு அடுத்த கடைக்கு நடையை கட்டுங்க.

வீட்டு பரணில் இருக்கிறதா?

தமிழக அரசின் இலவச லேப்-டாப் திட்டம் 2011-ம் ஆண்டு தொடங்கியது. பல லட்சம் மாணவ-மாணவிகள் வாங்கினார்கள். உங்கள் வீட்டு அண்ணன், அக்கா வாங்கியது பரணில் தூசி பிடித்து கிடக்கலாம். முதலில் அதை இறக்குங்க.

அவற்றில் பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும். மெதுவாக ஓட அதுதான் முக்கிய காரணம். ஹார்ட் டிஸ்க்கை கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமையும் கூட்டி, லினக்ஸ் மின்ட் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் பிளஸ்-1, பிளஸ்-2 பாடத்துக்கு தாராளமாக உழைக்கும். புதுசு வாங்கும் செலவில் சிறு பகுதிதான் ஆகும்.

ஆனால் வெளியில் யாராவது இலவச லேப்-டாப்பை சல்லிசாக விற்றால் வாங்காதீங்க. அது மாணவர்களுக்காக கொடுத்தது, விற்பனைக்கு இல்லை. திருட்டு பொருளாக இருந்தால் போலீஸ் நிலைய படி நீங்கள்தான் ஏற வேண்டி வரும்.

பையின் கனம்

மத்திய கல்வி அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட பள்ளிப்பை கொள்கைப்படி, பையின் எடை பிள்ளையின் எடையில் 10 சதவீதத்தை தாண்டக்கூடாது. பிளஸ்-1, பிளஸ்-2 மாணவர்களுக்கு மூன்றரை கிலோ முதல் 5 கிலோ வரைதான்.

45 கிலோ எடையுள்ள மாணவி என்றால் மொத்தம் நாலரை கிலோ. இதில் புத்தகம், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் அடக்கம். கேம் ஆடுவதற்காக தயாராகும் லேப்-டாப் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அதன் சார்ஜரே அரை கிலோ வரும். டியூஷன் முடிந்து, கூட்டமான பஸ்சில் தொங்கிக்கொண்டு வரும் பிள்ளைக்கு அது படிப்பு இல்லை, பாரம்.

15.6 இஞ்ச் திரை உள்ளது சுமார் 1.6 முதல் 1.8 கிலோ இருக்கும். 14 இஞ்ச் என்றால் சுமார் ஒன்றரை கிலோ. 11.6 இஞ்ச் என்றால் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். பள்ளி மாணவர்களுக்கு 14 இஞ்ச்தான் சரியான அளவு. கண்ணுக்கும் சிரமம் இல்லை, தோளுக்கும் சிரமம் இல்லை. பெட்டியில் எழுதியிருக்கும் எடையோடு சார்ஜர் எடையையும் சேர்த்து கணக்கு போடுங்க.

வீட்டிலேயே ஒரு இடத்தில் வைத்து படித்தால் போதும் என்றால் எடை பற்றி கவலையே இல்லை. அப்போது செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் இன்னும் மலிவு. ஆனால் ஒரே அறை வீட்டில் அதற்கு மேஜை போட இடம் வேண்டும். கரண்ட் போனால் அதுவும் அணைந்துவிடும்.

பார்க்க வேண்டிய 4 விஷயம்

1. ரேம்: 8 ஜி.பி. இருக்கட்டும். விண்டோஸ்-11க்கு குறைந்தது 4 ஜி.பி. போதும் என்று மைக்ரோசாப்ட் சொன்னாலும், நாலு பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். எடை குறைவான பல லேப்-டாப்களில் ரேம் போர்டோடு சேர்த்தே பற்றவைத்து வரும். "அப்புறம் கூட்டிக்கலாம்" என்று நினைத்தால் முடியாது. வாங்கும் முன்பே, "கூடுதல் ரேம் போட ஸ்லாட் இருக்கா?" என்று கேளுங்க.

2. எஸ்.எஸ்.டி.: 256 ஜி.பி. போதும். "1 டி.பி. ஹார்ட் டிஸ்க்" என்று பெரிய எண்ணை காட்டினால் மயங்காதீங்க. இடம் அதிகம்தான், ஆனால் வேகம் இருக்காது. "இ.எம்.எம்.சி. 64 ஜி.பி." என்று எழுதியிருந்தால் உஷார். விண்டோஸ் அப்டேட் இரண்டு முறை வந்தாலே இடம் நிரம்பிவிடும்.

3. பிராசசர்: இன்டெல் ஐ3 அல்லது ஏ.எம்.டி. ரைசன்-3 பள்ளிப் படிப்புக்கு தாராளம். பட்ஜெட் இடித்தால் இன்டெல் என்100 வகையும் எழுத, படிக்க, பைத்தான் பழக போதும். பழைய செலரான் வகை ரொம்ப மெதுவு. கையை வைக்காதீங்க.

4. பேட்டரி: பெட்டியில் "வாட் அவர்" என்று ஒரு எண் இருக்கும். 42 என்று இருந்து, லேப்-டாப் 7 வாட் இழுத்தால் 6 மணி நேரம் வரும். வீடியோ பார்த்தால் சீக்கிரம் இறங்கும். 40-க்கு குறையாமல் பாருங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஐ.டி. கம்பெனிகள் 3, 4 வருடம் பயன்படுத்திவிட்டு கழிக்கும் லேப்-டாப்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களுக்கு வருகின்றன. டெல் லேட்டிடியூட், எச்.பி. எலைட்புக், லெனோவா திங்க்பேட் ஆகியவை கம்பெனிகளுக்காகவே உறுதியாக தயாரிக்கப்பட்டவை. ஆனால் கண்ணை திறந்து வைத்துக்கொண்டு வாங்க வேண்டும்.

விண்டோஸ்-10க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 14-10-2025 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ்-11 முறையாக ஏற இன்டெல் 8-வது தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். பழைய சரக்கை தள்ளிவிட நினைப்பவர்கள் இதைத்தான் மறைக்கிறார்கள். "ஐ7 சார், வெறும் 12 ஆயிரம்" என்பார்கள். அது 4-வது தலைமுறையாக இருக்கும்!

கண்டுபிடிப்பது சுலபம். ஐ5-8250யு என்று இருந்தால், கோடுக்கு பிறகு வரும் 8-தான் தலைமுறை. எண் 1-ல் தொடங்கினால் முதல் இரண்டு எண்ணையும் சேர்த்து படிக்கணும். ஐ3-1215யு என்றால் 12-வது தலைமுறை. ஐ7-4600யு என்றால் 4-வது தலைமுறை. அந்த ஐ7-ஐ விட புதிய ஐ3 மேல்.

ஸ்டிக்கரை நம்பாதீங்க. அதை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். லேப்-டாப்பை ஆன் செய்து, செட்டிங்ஸ் உள்ளே சிஸ்டம், அதில் கடைசியாக உள்ள அபவுட் என்ற இடத்தை திறக்கச் சொல்லுங்க. அங்கே காட்டுவதுதான் உண்மை.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை

* சார்ஜரை பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் வீடியோ ஓட விடுங்க. பேட்டரி எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பாருங்க. அரை மணியில் 30 சதவீதம் போனால் முழு சார்ஜுக்கு 2 மணி நேரம் கூட தாங்காது.

* பேட்டரி ரிப்போர்ட் எடுத்து காட்டச் சொல்லுங்க. புதிதில் 50 என்று இருந்தது இப்போது 25 என்றால் பாதி உயிர் போய்விட்டது. புது பேட்டரி விலையை கழித்துதான் பேரம் பேசணும்.

* எல்லா பட்டனையும் ஒரு முறை அடித்து பாருங்க. திரையை மூன்று, நான்கு முறை திறந்து மூடுங்க. கீல் ஆடினால் வேண்டாம்.

* கேமரா, மைக், ஸ்பீக்கர், வை-பை, சார்ஜர் செருகும் இடம் எல்லாம் சரி பாருங்க.

* விண்டோசை புதிதாக ஏற்றி, இன்டர்நெட்டோடு இணைக்கச் சொல்லுங்க. அப்போது ஏதாவது கம்பெனி பெயரை காட்டி, அந்த கம்பெனி இ-மெயில் கேட்டால் பூட்டு இன்னும் கழறவில்லை என்று அர்த்தம். எவ்வளவு மலிவாக கொடுத்தாலும் தொடாதீங்க.

* சார்ஜரில் பி.ஐ.எஸ். முத்திரை உள்ளதா என்று பாருங்க. போலி சார்ஜர் சூடேறி தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

என்ன விலை?

8-வது தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. கொண்ட செகண்ட் ஹேண்ட் லேப்-டாப் 2025-ம் ஆண்டில் சுமார் ரூ.15 ஆயிரம் முதல் ரூ.22 ஆயிரம் வரை விற்றது. புதிய ஐ3, ரைசன்-3 வகைகள் ரூ.30 ஆயிரத்தில் இருந்து கிடைத்தன. 2025 கடைசியில் இருந்து உலக அளவில் மெமரி சிப் விலை ஏறியதால், ரேம், எஸ்.எஸ்.டி. விலையும் கூடியது. எனவே 3 கடையில் விலை கேட்காமல் வாங்காதீங்க. புதிய லேப்-டாப்புக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. "பில் இல்லாம கொடுத்தா குறைச்சு தரேன்" என்ற ஆசை வார்த்தையில் விழாதீங்க.

இன்னும் மலிவாக, விண்டோஸ் இல்லாத லேப்-டாப்களும் உண்டு. 2023-ல் வந்த ஜியோ புக் 990 கிராம் எடைதான். அறிமுக விலை ரூ.16,499. இந்த மாதிரி லேப்-டாப்பிலும், குரோம்புக்கிலும் விண்டோஸ் மென்பொருள் ஓடாது. பள்ளியில் எதை வைத்து பிராக்டிக்கல் நடத்துகிறார்கள் என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டு முடிவு எடுங்க.

கடனில் விழாதீங்க

தண்டலில் ரூ.20 ஆயிரம் கேட்டு, கையில் ரூ.17 ஆயிரம்தான் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தினம் ரூ.200 வீதம் 100 நாள் கட்டினால் ரூ.20 ஆயிரம். 100 நாளில் ரூ.3 ஆயிரம் கரைந்துவிட்டது. நகை இருந்தால் பேங்கில் வைப்பது இதைவிட எவ்வளவோ மேல். கந்து வட்டியை தடுக்க தமிழகத்தில் 2003-ம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கலாம்.

"வட்டி இல்லா இ.எம்.ஐ." என்பதையும் அப்படியே நம்பாதீங்க. பிராசசிங் கட்டணம் போடுவார்கள். ரொக்கமாக கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும். இரண்டு வகையிலும் மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று ஒரு துண்டு சீட்டில் எழுதி பாருங்க.

பிள்ளை பிளஸ்-2 முடிக்கும் நிலையில் இருந்தால் அவசரப்பட வேண்டாம். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு 2 ஆண்டுகளில் லேப்-டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று 2025 மார்ச் மாத தமிழக பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. சேரப்போகும் கல்லூரியில் நிலவரம் கேட்டுவிட்டு வாங்குங்க.

ஏமாந்தால் என்ன செய்வது?

பில்லில் மாடல் எண், சீரியல் எண், ரேம், எஸ்.எஸ்.டி. அளவு, எத்தனை மாத வாரண்டி என்று எழுதி வாங்குங்க. வாய் வார்த்தை சபை ஏறாது. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கு போடலாம். ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்கு கட்டணம் கிடையாது. பில் இல்லை என்றால் வழக்கும் நிற்பது கஷ்டம்.

வாங்கிய பிறகு

மெத்தை மேல், தலையணை மேல் வைத்து ஓட்டினால் காற்று போகாமல் சூடேறும். ஒரு பலகை மேல் வைத்தால் போதும். மழைக்காலத்தில் பையின் உள்ளே பிளாஸ்டிக் கவர் போட்டு வைக்கணும். மூன்று முள் பிளக்கை உடைத்து இரண்டு முள்ளாக செருகாதீங்க. எர்த் இல்லாவிட்டால் ஷாக் அடிக்கும்.

விண்டோசிலேயே ஆன்டி வைரஸ் இருக்கிறது. தனியாக காசு கொடுத்து வாங்க வேண்டியது இல்லை. தமிழ்99 கீபோர்டும் அதிலேயே உண்டு. தமிழில் டைப் அடிக்க பிள்ளை பழகட்டும். நாளைக்கு ஒரு வேலைக்கு கைகொடுக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை. கடைக்கு போகும்போது பிள்ளையையும் கூட்டிட்டு போங்க. அவங்களே டைப் அடித்து பார்க்கட்டும், பையில் போட்டு தூக்கி பார்க்கட்டும். தினமும் சுமக்கப்போவது அவங்கதானே!