ஊராத்துறை வாணிகம்

லைடன் தீவில் சுருவில் என்று ஒரு சிற்றூர் உண்டு. வணிகப் பட்டினங்களின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசப் புகும் கட்டுரை இவ்வூரின் பெயரோடு தொடங்குவது வாசகருக்கு விந்தையாகத் தோன்றலாம். பெருங் கடைத்தெருவோ தொழிற்சாலையோ அங்கில்லை. எனினும் அதே தீவில்தான் ஊர்காவற்றுறை இருக்கின்றது; எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே பிறநாட்டு வணிகரின் கப்பல்கள் வந்து தங்கிய துறை அது. அத்துறை செழித்தபோது அயலூர்கள் செழித்தனவா, துறை சோர்ந்தபோது அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்னும் வினாக்களைச் சுருவில் போன்றதோர் ஊரில் நின்று கேட்பதே முறை. பட்டினத்தின் நடுவில் நின்று கேட்டால் கடை விளக்குகளின் ஒளியில் விடை மறைந்துவிடுகின்றது.

இன்று இதனை எழுப்புவதற்குக் காரணம் உண்டு. 2009இல் போர் முடிந்தபின் யாழ்ப்பாண நகரம் வேகமாக உருமாறியது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அடுத்தடுத்துக் கிளை திறந்தன. பல்பொருள் அங்காடிகள் மாடிமேல் மாடியாக எழுந்தன. 2014 ஒக்டோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாயிற்று. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, சில நாளில் நின்று, 2024இல் மறுபடி ஓடிற்று. இவற்றைக் கண்டு, இனி யாழ்ப்பாணம் சிங்கப்பூர் ஆகிவிடும் என்பார் சிலர். எல்லாம் வெளிநாட்டுக் காசு, இன்றைக்கோ நாளைக்கோ போய்விடும் என்பார் வேறு சிலர். இரு சாராரும் சோதிடமே சொல்கின்றனர். நமக்குச் சோதிடம் வராது. வரலாறு சிறிது தெரியும்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கின்றது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை 1963இல் பதிப்பித்தார். பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் அளிக்க வேண்டும் என்று பணிக்கும் அரசன், உடைந்த கப்பல்களைப் பற்றியும் விதி செய்கிறான். யானை, குதிரை ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிகப் பொருள் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் செம்பாதி அரசுக்கு, செம்பாதி உடையவனுக்கு. இந்த வேறுபாடு ஏன்? அரசனுக்குப் படை வேண்டும். படைக்கு யானையும் குதிரையும் வேண்டும். ஆகவே அவற்றைக் கொண்டுவருவோனுக்குச் சலுகை. துறையின் முதல் வாழ்வு பற்றி நமக்குக் கிடைத்த சான்றிலேயே ஓர் உண்மை பொறிக்கப்பட்டிருக்கின்றது. துறைக்கு எது வர வேண்டும், எவ்வளவு வர வேண்டும் என்பதைத் துறையிலிருப்போர் தீர்மானிக்கவில்லை. வெகு தொலைவில் இருந்தவனுடைய தேவை தீர்மானித்தது.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தினர். அவர்கள் மொழியில் இறங்குதுறையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே கயிற்ஸ் என்ற பெயர் வந்தது. யானைகள் இறங்கிய துறை என்பதினும் ஏறிய துறை என்பதே பொருந்தும். வன்னிக் காட்டில் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவுக் கடலேரியைக் கடந்து குடாநாட்டுக்குள் நடத்தி வரப்பட்டு, இங்கே கப்பலேற்றப்பட்டன. 1658இல் வந்த ஒல்லாந்தர் இவ்வாணிகத்தைக் கம்பனியின் ஏகபோகமாக நடத்தினர். கோல்கொண்டாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வணிகர் வந்து வாங்கிச் சென்றனர். 1687இல் அவுரங்கசீப் கோல்கொண்டாவைப் பிடித்தார். அடுத்த நூற்றாண்டில் முகலாய ஆட்சியும் தளர்ந்தது. யானை வாங்கும் அரசுகள் தளரவே யானை வாணிகமும் தேய்ந்தது. வன்னியில் யானை குறைந்ததனால் அன்று. வேறெங்கோ ஒரு கோட்டை விழுந்ததனால்.

ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ப்ற், நயினாதீவு ஹார்லம் ஆயின. ஹூர்ன் என்ற பெயரும் ஒரு சிறு தீவுக்குக் கிட்டிற்று. ஆம்ஸ்டர்டாம், மிடில்பேர்க், டெல்ப்ற், ரொட்டர்டாம், ஹூர்ன் என்ற ஐந்தும் 1602இல் தோன்றிய கிழக்கிந்தியக் கம்பனியின் ஆறு மன்றங்களுள் ஐந்து அமைந்த நகரங்கள். பங்குதாரரின் ஊர்களை நம் மணல்மேல் எழுதினார்கள் என்க. அந்நகரங்களுக்கு என்ன ஆயிற்று என்று நம் மாணவர்க்கு எவரும் சொல்வதில்லை. தென்னமெரிக்காவின் தென்முனைக்கு 1616இல் தன் பெயரைக் கொடுக்குமளவு ஓங்கியிருந்த ஹூர்ன், பதினெட்டாம் நூற்றாண்டில் துறை தூர்ந்து உறங்கும் ஊராயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய துணித்தொழில் நகரங்களுள் ஒன்றாக விளங்கிய லைடன், அடுத்த நூற்றாண்டில் தறிகளை இழந்தது. ஆம்ஸ்டர்டாம் செல்வரோ தொழிலில் இட்ட பணத்தை எடுத்து வட்டிக்கு விட்டனர். வீழ்ந்து வந்த வெனிசு ஒல்லாந்துக்குக் கடன் கொடுத்ததையும், முதன்மை இழந்த ஒல்லாந்து இங்கிலாந்துக்குக் கடன் கொடுத்ததையும் மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதற்பாகத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார். உலகத்தையே கட்டியாண்ட பட்டினங்களின் நிலை இது. 1799இல் கம்பனியும் கலைந்தது. பெயர் மட்டும் நம் தீவுகளில் தங்கிவிட்டது.

ஊர்காவற்றுறையின் அடுத்த வாழ்வு புகையிலையோடும் பாய்க்கப்பலோடும் பிணைந்தது. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெருஞ்சந்தை. திரும்பி வரும் கப்பல்கள் நெல்லும் அரிசியும் ஓடும் கொண்டு வந்தன. பர்மாவின் அரிசியும் தேக்கும் வங்கக் கடலைக் கடந்து வந்தன. துறையில் சுங்கச்சாலையும் கிட்டங்கிகளும் வணிகரின் கல்வீடுகளும் எழுந்தன. இவ்வீடுகளை வியந்து எழுதியோர் பலர். துலா மிதித்தவனைப் பற்றி எழுதியோர் சிலரே. புகையிலை தண்ணீர் குடிக்கும் பயிர். விடியுமுன் துலாவில் ஏறி, முன்னும் பின்னும் நடந்து, கிணற்றுநீரை இறைத்துக் கொடுத்தவன் பெரும்பாலும் நிலமற்றவன். 1844இல் அடிமை முறை சட்டத்தில் ஒழியும்வரை சட்டப்படியே பிறனுடைய உடைமையாக இருந்தவனும் உண்டு. திருவிதாங்கூரில் விலை ஏறினால் வணிகனுக்கு வீடு உயர்ந்தது. விலை இறங்கினால் துலாக்காரனுடைய கூலி இறங்கிற்று. 1930களில் மலையாளச் சந்தைக்கென ஒரு கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது, இந்த நிலைமையை மாற்ற விளைஞர் செய்த முயற்சி என்பதை மறக்கலாகாது. ஆனால் அதற்குள் அச்சந்தையே சுருங்கத் தொடங்கிவிட்டது.

இவ்விடத்தில் ஒரு செய்தி நம் நெஞ்சை உறுத்துகின்றது. வல்வெட்டித்துறையில் நம் கம்மியர் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. மாகடல் கடக்கும் மரக்கலத்தைக் கட்டவல்ல கை நம்மிடம் இருந்தது. அக்கையை இயந்திரக் கப்பற்றொழிலாக வளர்க்கவல்ல முதலும் வணிகரிடம் இல்லாமல் இல்லை. முதல் அங்கே போகவில்லை. அது காணியாயிற்று, சீதனமாயிற்று, கோபுரமாயிற்று, மறுபடி சரக்காயிற்று. அந்நிய ஆட்சியில் தொழில் தொடங்குவது எளிதன்று என்பது மெய். தொடங்க வேண்டும் என்ற எண்ணமே அரிதாக இருந்தது என்பதும் மெய். வாங்கி விற்பதில் இலாபம் வரும்வரை செய்து விற்பதை நினைப்பவன் பித்தனாகவே கருதப்பட்டான்.

துறையை வீழ்த்தியது ஒரு நாளில் வந்த புயலன்று. கொழும்பில் 1885இல் அலைதடுப்புச் சுவர் நிறைவேறியது. இயற்கைத் துறையான காலியே அதனால் மங்கிப்போக, ஊர்காவற்றுறை எம்மாத்திரம்? 1905இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்வரை புகையிரதம் வந்தது. 1914இல் தலைமன்னார் வழி இந்தியப் போக்குவரத்துத் திறந்தது. சரக்கும் பயணியும் தண்டவாளத்தில் ஏறவே பாய்மரம் வெறுமனே நின்றது. 1942இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அரிசிக் கப்பல்கள் நின்றன. 1948க்குப் பின் இரு நாடுகளுக்கிடையே கடவுச்சீட்டும் சுங்கமும் நாணயக் கட்டுப்பாடும் எழுந்தன; தலைமுறை தலைமுறையாக வாணிகம் என்று வழங்கியது சில ஆண்டுகளில் கள்ளக்கடத்தல் என்று பெயர் பெற்றது.

கொழும்பு மட்டும் நிலைத்தது எப்படி என்று கேட்பார்க்கு ஒரு சொல். அலைதடுப்புச் சுவர் மட்டும் அதனை நிலைக்கச் செய்யவில்லை. மலையகத்துத் தேயிலை அதன் பின்னால் நின்றது. லயன் அறைகளில் முடங்கிக் கிடந்து கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்ணின் விரல்களே அத்துறையின் அத்திவாரம். உற்பத்தி பின்னால் நின்றால் பட்டினம் நிலைக்கும் என்பதற்குக் கொழும்பு சான்று. உற்பத்தி செய்தவனுக்கு அந்த நிலைபேற்றில் பங்கு தானாக வராது என்பதற்கும் அதுவே சான்று. 1948இல் அம்மக்களின் குடியுரிமையே பறிக்கப்பட்டதை நாம் அறிவோம்.

துறை ஓய்ந்ததும் தீவகத்தார் கடையைத் தூக்கிக் கொண்டு கொழும்புக்கும் தென்பகுதிச் சிறு நகரங்களுக்கும் போயினர். சுருட்டுக்கடை, பலசரக்குக்கடை, சைவ உணவுக்கடை எனப் பரந்தது அவர்கள் வாணிகம். புங்குடுதீவு, வேலணை, சரவணை, நாரந்தனை, கரம்பன், சுருவில் என்று ஊர் ஊராகச் சிறுவர் கடைப்பையன்களாகப் போயினர். கடை மேசையின்கீழ்ப் படுத்துறங்கி, கோயிற் கொடியேற்றத்துக்கு மட்டும் ஊர் திரும்பிய பிள்ளைகள் அவர்கள். முதலாளிகள் ஊரில் பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள். அதனைச் சொல்லாமல் விடுவது நன்றிகேடு. ஆயினும் அப்பள்ளிகளில் படித்தோரிற் பெரும்பாலோர் தீவை விட்டுப் போவதற்காகவே படித்தனர். 1958இலும் 1977இலும் அடி விழுந்தது. 1983 யூலையில் கடைகள் எரிந்தன. தலைமுறைகளின் உழைப்பு சில நாட்களில் சாம்பலாயிற்று. 1990, 1991ஆம் ஆண்டுகளில் போர் தீவகத்தையும் காலி செய்தது. கடை இருந்த இடத்தில் பாதுகாப்பில்லை. பாதுகாப்பென்று நம்பிய ஊரில் மனிதரில்லை.

இடையில் ஒரு செழிப்பு வந்து போயிற்று. 1970க்குப் பின் அன்றைய அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் குடாநாட்டு மிளகாயும் வெங்காயமும் பொன் விலை விற்றன. தோட்டக்காரர் உழவு இயந்திரம் வாங்கினர், வீடு கட்டினர். படித்த இளைஞரும் மண்வெட்டி எடுத்தனர். இது வெறும் தரகு வாணிகமன்று, மண்ணிலிருந்து எழுந்த செல்வம். ஆதலின் இது நிலைத்திருக்க வேண்டும் என்று நாமும் எண்ணுவோம். 1977இல் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டது, விலை சரிந்தது. ஆக, உற்பத்தி இருந்தால் மட்டும் போதாது. அதனைக் காக்கவோ கைவிடவோ வல்ல அதிகாரம் யார் கையில் இருக்கின்றது என்பதையும் கேட்க வேண்டும். இவ்விரண்டாவது கேள்வியை நம் இடதுசாரி நண்பர்களிற் பலர் நெடுங்காலம் போதிய அளவு கேட்கவில்லை. தேசியம் பேசியோரிற் பலர் முதற் கேள்வியைக் கேட்கவே இல்லை.

இந்தக் கண்ணோடு இன்றைய யாழ்ப்பாணக் கடைத்தெருவைப் பார்ப்போம். அங்காடியில் குவிந்திருக்கும் பொருள்களில் நம் மண்ணில் செய்யப்பட்டவை எத்தனை? வாங்கும் காசில் ஒரு பெரும்பகுதி ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இரவு வேலை செய்யும் கைகளிலிருந்து வருவது. அக்கைகள் முதுமை அடைகின்றன, அவர்களின் பிள்ளைகளுக்கு இவ்வூர் ஒரு கதை. இன்னொரு பகுதி கடன். போருக்குப் பின் நுண்கடன் வாங்கிய பெண்கள் வாரத் தவணைக்கு அஞ்சி ஒளிந்த அவலம் 2018இல் அரசே ஒரு கடன் நிவாரணத் திட்டத்தை அறிவிக்குமளவுக்கு முற்றியது. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. போர் ஓய்ந்து பல ஆண்டுகள் சென்றபின்னும் அதன் சூளை எரியவில்லை. அங்காடிகளோ சில ஆண்டுகளில் எழுந்துவிட்டன. 2022 ஏப்ரலில் நாடு அந்நியக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென அறிவித்தபோது மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையில் கிடந்தன. அடிமடி இழுவைப் படகுகளை 2017இல் சட்டம் தடுத்தது. ஆயினும் அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துச் செல்வது ஓயவில்லை. அப்படகுகளில் கூலிக்கு வருவோரும் ஏழைத் தமிழரே என்பது இக்கதையின் கசப்பு. குடாநாட்டின் தண்ணீரோ சுண்ணாம்புக் கற்களுக்கிடையே மழை சேர்த்து வைத்த சேமிப்பு. கடன் வாங்கிப் பெருக்கக்கூடிய சேமிப்பன்று அது.

இவ்வளவையும் எண்ணிப் பார்க்கையில், இந்தப் பெருக்கம் இன்றைய வடிவில் நெடுநாள் நிற்கும் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. வருகின்ற பணம் இன்னும் சில ஆண்டுகள் வரும். அந்த ஆண்டுகளில் அது படகுத்துறையாகவும் பதனிடு சாலையாகவும் கூட்டுறவாகவும் மாறுமா, மண்டபமாகவும் மதிலாகவும் மாறுமா என்பதே எஞ்சியிருக்கும் கேள்வி. இதுவரை மண்டபங்களே முந்தி நிற்கின்றன.

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு இப்போதும் மிதவைப் பாதை ஓடுகின்றது. ஆசிரியர்களும் மாணவர்களும் மோட்டார் சைக்கிள்களோடு அதில் ஏறுகின்றனர். யானைக் கப்பல்கள் போன நீர்வழியின் நடுவில் நிற்கும் கடற்கோட்டையைக் கடற்படையினர் உல்லாச விடுதியாக்கியிருக்கின்றனர். கரையில் வணிகரின் பழைய கல்வீடுகள் சில கூரையின்றி நிற்க, அவற்றின் முற்றத்தில் ஆடுகள் மேய்கின்றன.