ஒரு பாட்டுக்குப் பின்னால்: காருகுறிச்சி அருணாசலமும் கரிசலின் இசை மீட்பும்

இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜைச் சேர்ந்த டயமண்ட் ஹெட் என்னும் ஹார்ட் ராக் குழு 1980-இல் தன் முதல் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. 1984-இல் மெட்டாலிக்கா என்னும் ராக் குழு அவர்களுடைய பாட்டு ஒன்றை எடுத்து வாசித்த பிறகுதான் வெளியுலகில் பலருக்கு அந்தக் குழுவின் பெயரே தெரிந்தது. ஒரு பாட்டு காப்பாற்றியது. அதே பாட்டு மற்றதையெல்லாம் மறைத்தும் நின்றது. கோவில்பட்டியில் சிலையாக நிற்கும் நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்துக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே.

1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த ஆபேரி ராகப் பாட்டு 'சிங்கார வேலனே தேவா'. எஸ். எம். சுப்பையா நாயுடு இசை. இரண்டு தலைமுறைக்கு அருணாசலம் என்றால் அந்தப் பாட்டுதான். கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளும் வானொலியின் நேயர் விருப்பமும் அதைத் தேய்த்துத் தீர்த்தன. படம் வெளிவந்து இரண்டே ஆண்டில், 1964 ஏப்ரலில், நாற்பத்து மூன்று வயது நிறையும் முன்பே அவர் இறந்துபோனதால், அந்தப் பிம்பத்தைத் திருத்த அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

அவரைக் கோவில்பட்டி வட்டாரக் கரிசலின் இசை வரலாற்றுக்குள் வைத்துப் பார்த்தால் வேறு சித்திரம் தெரிகிறது. இந்த வட்டாரத்தின் பழைய இசைக்கூடம் எட்டயபுரம் அரண்மனை. முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் காலமானது அங்கேதான். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் அச்சானதும் அங்கேதான். கமகங்களுக்குக்கூடக் குறியீடு வகுத்து, காதில் கேட்டதைத் தாளில் இறக்கிய பெருமுயற்சி அது. ஆனால் ஸ்வரம் எழுதிவைக்க உருப்படி ஒன்று வேண்டும். மனோதர்மத்தை எந்தக் குறியீடு பிடிக்கும்?

அந்தக் குறியீட்டு வலையில் சிக்காமல் போனவர் விளாத்திகுளம் சுவாமிகள். காடல்குடி ஜமீன் வழியில் 1889-இல் பிறந்த நல்லப்ப சுவாமிகள் கீர்த்தனைகளைவிட ராக ஆலாபனைக்கே பேர்போனவர். ஒரே ராகத்தை மணிக்கணக்காகப் பாடுவார் என்பார்கள். பரவலாகப் புழங்கும் இசைத்தட்டு எதுவும் அவருக்கு இல்லை. அப்போதைய தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். அந்தப் பாட்டுக்கு அது எந்த மூலைக்கு? 1965-இல் அவர் மறைந்த பின் எஞ்சியது பெரும்பாலும் கேட்டவர்களின் நினைவும் எழுத்தும். அவரிடம் இசை பயின்ற எழுத்தாளர் இடைசெவல் கி. ராஜநாராயணன் அவரைப் பற்றி எழுதியிருக்காவிட்டால், இலக்கிய வாசகர்களில் பாதிப்பேருக்கு அப்படியொருவர் இருந்ததே தெரிந்திருக்காது. பாட்டைக் கேட்காமலேயே பாடகரை அறிகிற விசித்திரம் கரிசல் இலக்கியத்தால் வந்தது. நன்மைதான். ஆனால் எழுத்தாளனின் பரவசத்தைப் பாடகனின் சங்கீதமாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் அதில் உண்டு.

அருணாசலத்துக்குப் பதிவுகள் இல்லாத குறை இல்லை. தாமிரபரணிப் பாசனத்து நெல்வயல் ஊரான காருகுறிச்சியில் 1921-இல் பிறந்தவர், பருத்தியும் கம்பும் விளையும் கோவில்பட்டியில் வந்து குடியேறினார். என் கணிப்பில் இது தற்செயலான இடமாற்றம் அல்ல. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபின் மேளத்துக்குப் பணம் கொடுக்கும் கை மாறியது. பஞ்சாலை, தீப்பெட்டித் தொழில், கமிஷன் கடை வைத்திருந்தவர்களின் வீட்டுக் கல்யாணங்களும் கோயில் திருவிழாக்களும் அரண்மனையின் இடத்தைப் பிடித்தன. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ரயிலடி உள்ள ஊர், ஓயாமல் வெளியூர்க் கச்சேரிக்குப் போய்வரும் ஒருவருக்குத் தோதானது.

வாத்தியமும் அந்தக் காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. அவருடைய குரு டி. என். ராஜரத்தினம் பிள்ளை, குட்டையான, உச்சஸ்தாயியில் அதிரும் திமிரியை விட்டு, நீளமான, சுருதி தணிந்த பாரி நாகஸ்வரத்தைப் பிரபலமாக்கினார். தெருவையே எழுப்பும் வாத்தியம் மைக்கின் முன் உட்கார்ந்து குழையத் தொடங்கியது. ஆச்சா மரக் குழலின் தலையில் செருகிய சிறு சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்வது; எச்சில் ஈரம் கூடினாலோ குறைந்தாலோ நாதம் கோணும். அருணாசலம் உதட்டழுத்தத்தாலேயே அந்தத் தட்டையை வாய்ப்பாட்டுப்போல் பேசவைத்தார். படப்பாட்டில் நாகஸ்வரம் ஜானகியின் குரலுக்கு இணையாக இழைவது ஸ்டுடியோவின் சாமர்த்தியம் மட்டுமல்ல என்பதை அவருடைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்டால் உணரலாம். அவசரமே இல்லாமல் ராகத்தை விரித்துக்கொண்டு போகிறார். தவில் பொறுமையாகக் காத்திருக்கிறது.

இந்தப் பதிவுகள் தப்பியது வானொலியாலும் ஸ்பூல் டேப் வைத்திருந்த ரசிகர்களாலும். திருச்சி நிலையம் 1939-இல் வந்தது. திருநெல்வேலி நிலையம் 1963 டிசம்பரில்தான் வந்தது. சொந்தச் சீமையில் வானொலி வந்த சில மாதத்தில் அவர் போய்விட்டார். டேப்புகள் கைமாறி, கேசட்டாகி, பின் இணையத்துக்கு வந்தபோதுதான் சினிமாவுக்கு வெளியே இருந்த அருணாசலம் பலர் காதுக்கு எட்டினார். நூற்றாண்டையொட்டி லலிதாராம் எழுதிய 'காருகுறிச்சியைத் தேடி' அந்தத் தேடலுக்கு நூல்வடிவம் கொடுத்தது.

இனி உள்ள வேலை சலிப்பூட்டக்கூடியது, ஆனால் அவசியமானது. இப்படிக் கைமாறி வரும் பதிவுகள் பலவற்றில் தேதியோ ஊரோ இருக்காது. தவில் யாருடையது என்று கைவிரல் சொல்லிலிருந்து ஊகிக்கலாம். ஆண்டு அதில் கிடைக்காது. அந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகைகளிலும் கொடைவிழா நோட்டீசுகளிலும் 'நாகஸ்வரம்' என்ற வரிக்குக் கீழே வித்வான் பெயரும் தேதியும் அச்சாகியிருக்கும். பழைய வணிகக் குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளைத் திறந்து அந்தத் தாள்களை எடுத்துப் பட்டியலிட்டால், நாடாக்களில் சிலவற்றுக்காவது ஊரும் நாளும் குறிக்க முடியும்.