விஃபன்பூஃப்ஸ் பிறந்த கதை

வாத்தியமே இல்லாமல் குரல்களை மட்டும் நம்பிப் பாடும் அகாபெல்லா குழுக்கள் இன்று அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் உண்டு. அவற்றுக்கெல்லாம் மூத்தது யேல் பல்கலைக்கழகத்தின் விஃபன்பூஃப்ஸ். நியூ ஹேவன் நகரில் மோரிஸ் என்ற மதுக்கடையின் மேசையில், 1909இல் பிறந்தது.

யேலில் க்ளீ க்ளப் என்ற பெரிய பாடகர் குழு ஏற்கெனவே இருந்தது. அதில் தேர்ந்த நான்கு குரல்கள் தனியாக நால்வர் குழுவாகவும் பாடிவந்தன. மேடையில் கைதட்டு வாங்கிய அந்த இளைஞர்கள், இன்னொரு நண்பனையும் சேர்த்துக்கொண்டு, லூயி லிண்டர் நடத்திய மோரிஸில் வாராவாரம் கூடித் தங்களுக்காகவே பாடத் தொடங்கினார்கள்.

இடம் அப்படி அமைந்ததும் நல்லதாயிற்று என்றே நினைக்கிறேன். இவர்கள் பாடியது எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்திசைக்கும் பாட்டு அல்ல. டெனர் குரல்கள் மேலே போக, பாரிடோன் குரல் நடுவை நிரப்ப, பேஸ் குரல் அடியில் ஊன்றி நிற்கும். பியானோ துணை இல்லை. ஒரு குரலில் சுருதி இறங்கினால் மற்றவையும் கூடவே இறங்கிவிடும். பக்கத்திலிருப்பவன் மூச்சு இழுப்பதுகூடக் காதில் விழவேண்டும். அதற்கு மேடையைவிட மேசைதான் தோது.

பெயரைக் கொடுத்தவர் ஐந்தாவது நண்பர் டென்டன் ஃபவுலர். விக்டர் ஹெர்பர்ட் இசையமைத்த ‘லிட்டில் நீமோ’ என்ற இசை நாடகம் 1908இல் நியூயார்க்கில் மேடையேறியது. அதில் ஜோசப் காதார்ன் என்ற நகைச்சுவை நடிகர், பாலாடைக்கட்டி வைத்துப் பிடிக்கவேண்டிய விஃபன்பூஃப் என்ற கற்பனைப் பிராணியைப் பற்றிச் சரடு விடுவார். ஃபவுலர் அதில் மயங்கிப்போனார். கம்பீரமான கிரேக்கப் பெயர்களுக்குக் கல்லூரியில் பஞ்சமில்லை; இவர்களுக்கு இந்தப் பிராணியே பிடித்திருந்தது.

குழுவின் பாட்டும் அதே கூட்டத்தில் உருவானதுதான். நல்ல குடும்பத்தில் பிறந்தும் சாதாரணச் சிப்பாயாகச் சேரும்படி சீரழிந்தவர்களைப் பற்றி ருட்யார்ட் கிப்ளிங் எழுதிய ‘ஜென்டில்மென் ராங்கர்ஸ்’ கவிதையை எடுத்து, சிப்பாய்கள் இருந்த இடத்தில் பாடகர்களை வைத்தார்கள். மீட் மின்னிகெரோடும் ஜார்ஜ் பொமராயும் செய்த வேலை அது. கவிதையில் வரும் ஆட்டுக்குட்டிக் கத்தல்கூடப் பாட்டுக்குள் அப்படியே வந்துவிட்டது. மெட்டு யாருடையது என்பதில் மட்டும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. வேடிக்கையாகப் புனைந்த பாட்டுதான், ஆனாலும் கேட்பவர் தொண்டையை அடைக்கச் செய்யும். கிப்ளிங்கின் துயரத்தை அவர்கள் கழற்றி எறியாததே காரணம். 1937இல் ரூடி வேலியும் 1947இல் பிங் கிராஸ்பியும் பாடி அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார்கள். பின்னாளில் பெரும் பாடலாசிரியரான கோல் போர்ட்டரும் மாணவராக இந்தக் குழுவில் பாடியவரே.

யேல் இளங்கலைப் படிப்பில் பெண்களை 1969இல் சேர்த்துக்கொண்டது. குழு சேர்த்துக்கொள்ளவில்லை. 1981இல் மாணவிகள் ‘விம் அண்ட் ரிதம்’ என்று தங்களுக்கென ஒரு குழுவைத் தொடங்கினார்கள். நல்ல குரல்களை அத்தனை காலம் வெளியே நிறுத்தியது அநியாயம். 2018இல்தான் முதல் பெண் விஃபன்பூஃப்ஸில் தேர்வானார். டெனர் வரிசையில் இடம்பிடித்தார்.