சதவீதக் குறி வந்த வழி

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்தில் உள்ள கெடார் போன்ற ஊர்களிலிருந்து பொறியியல் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு சி மொழியில் முதலில் அறிமுகமாகும் சொல் திரையில் அச்சிடும் பிரின்ட்எஃப். அடுத்தது உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப். இதே அண்ணா பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்த பாலகுருசாமியின் சி புத்தகத்தில் உள்ளீடு வெளியீட்டுக்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. முழு எண்ணுக்கு %டி, தசம எண்ணுக்கு %எஃப், சொல்லுக்கு %எஸ் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். இந்தச் சதவீதக் குறி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பரீட்சையில் மார்க் கிடையாது. ஆனால் கதை நன்றாக இருக்கும்.

கணினி வெளியீடு என்றால் ஒரு காலத்தில் காகிதம்தான். சம்பளப் பட்டியலோ விண்கலக் கணக்கோ, எண்கள் பத்தி பத்தியாக நேராக நிற்க வேண்டும். 1957-ல் ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸின் குழு கொண்டுவந்த ஃபோர்ட்ரானில் இதற்கென்றே ஃபார்மட் என்று தனி வரி இருந்தது. ஐ5 என்றால் ஐந்து இட அகலத்தில் ஒரு முழு எண். எஃப்8.2 என்றால் எட்டு இடம், அதில் புள்ளிக்குப் பின் இரண்டு. துளை அட்டையிலிருந்து எண்ணைப் படிப்பதற்கும் அதே ஃபார்மட்தான். சொற்களை அச்சிடுவதுதான் வேதனை. எச் என்ற எழுத்தைப் போட்டு, அதற்கு முன்னால் எத்தனை எழுத்து வரப்போகிறது என்று நிரலர் விரல் விட்டு எண்ணிச் சொல்ல வேண்டும். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ மீதி வரி முழுக்கப் பாழ்.

அடுத்து வந்த அல்கால் 60 வேறு வழி பார்த்தது. உள்ளீடு வெளியீட்டைப் பற்றி மொழியின் வரையறையில் ஒரு வார்த்தை இல்லை. அந்தந்தக் கணினிக்காரர் பாடு என்று விட்டுவிட்டார்கள். பாதி சோம்பல் மாதிரி தெரிந்தாலும் பின்னால் சி மொழி எடுத்ததும் இதே முடிவைத்தான். அச்சிடும் கட்டளை மொழிக்குள் இருக்க வேண்டியதில்லை, யாரும் எழுதக்கூடிய சாதாரணச் செயற்கூறாக இருந்தால் போதும் என்பதுதான் அது.

அந்தச் செயற்கூறின் முதல் உருவம் கேம்பிரிட்ஜில் கிடைக்கிறது. மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967 வாக்கில் உருவாக்கிய பிசிபிஎல் மொழியில் ரைட்எஃப் என்று ஒன்று இருந்தது. அதற்குக் கொடுக்கும் சொற்றொடருக்குள்ளேயே, எண் வர வேண்டிய இடத்தில் %என், சொல் வர வேண்டிய இடத்தில் %எஸ் என்று எழுதி வைப்பார்கள். அகலம் வேண்டுமானால் %ஐ5. எண் எழுத்துக்குப் பின்னால் வந்தது. ஃபோர்ட்ரானில் தனி வரியில் கிடந்த வடிவம் இங்கே வாக்கியத்தின் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. படிக்கிறவர் கண்ணுக்கு அச்சாகப் போகும் வரி அப்படியே தெரியும். என்னைக் கேட்டால் இந்தக் கதையில் பெரிய பாய்ச்சல் இதுதான்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் பிசிபிஎல்லைச் சுருக்கி பி என்ற மொழியாக்கினார். 1972 ஜனவரியில் அவர் எழுதிய பி மொழிக் கையேட்டில் பிரின்ட்எஃப் முழு நிரலாகவே இருக்கிறது. ஒரு பக்கம்கூட வராது. தெரிந்த குறிகள் நான்கு: டி, ஓ, சி, எஸ். சொற்றொடரை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டே போகும். சதவீதக் குறி வரும்வரை அப்படியே அச்சிடும். வந்தால் அடுத்த எழுத்தைப் பார்த்து, நினைவகத்தில் அடுத்த மதிப்பை எடுக்கும். அதிகபட்சம் ஒன்பது மதிப்புகள். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து தீர்மானித்த வடிவமைப்பு அல்ல, ஒருவர் தன் தேவைக்கு எழுதிக்கொண்டது.

பி மொழியில் தரவு வகை என்பதே கிடையாது. எண்ணோ எழுத்தோ முகவரியோ எல்லாம் ஒரே அளவுப் பெட்டி. அதனால் உள்ளே இருப்பதை எண்ணாகப் படிப்பதா எழுத்தாகப் படிப்பதா என்று டி, சி போன்ற குறிகள்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆய்வகத்தின் டென்னிஸ் ரிட்சி பி மொழிக்குத் தரவு வகைகளைச் சேர்த்து சி ஆக்கியபோது, மாறியின் வகை கம்பைலருக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் குறி போகவில்லை. இன்றைக்கும் தசம எண்ணைக் கொடுத்துவிட்டு %டி என்று எழுதினால் திரையில் குப்பை வருவது அந்தப் பி மொழியின் மிச்சம்தான். கம்பைலர்கள் இதைப் பார்த்து எச்சரிக்கக் கற்றுக்கொண்டது வெகு பின்னால்.

எழுபதுகளில் அதே ஆய்வகத்தின் மைக் லெஸ்க், வெவ்வேறு கணினிகளில் ஒரே மாதிரி ஓடக்கூடிய உள்ளீட்டு வெளியீட்டுத் தொகுப்பு ஒன்றை எழுதினார். ஸ்கேன்எஃப் அதில் வருகிறது. அந்தத் தொகுப்பு திருத்தப்பட்டு, 1979-ல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு இன்றைய எஸ்டிடிஐஓ ஆக வெளிவந்தது. அதற்கு முந்தின வருஷமே கெர்னிகனும் ரிட்சியும் சி மொழி பற்றி எழுதிய புத்தகம் பிரின்ட்எஃப்பை உலகத்துக்குக் கொண்டுபோய்விட்டது. 1989-ல் அமெரிக்கத் தர நிறுவனம் சி மொழிக்குத் தர முத்திரை குத்தியது.

ஸ்கேன்எஃப்பைப் பார்த்தால் பிரின்ட்எஃப்பைக் கண்ணாடியில் திருப்பி வைத்தது போலத்தான் தோன்றும். தோற்றத்தை நம்பினால் வம்பு. பிரின்ட்எஃப்பில் %5டி என்றால் குறைந்தது ஐந்து இடம். எண் பெரிதாக இருந்தால் பத்தி கலைந்தாலும் முழுதும் அச்சாகும். (இடம் போதாவிட்டால் எண்ணை மறைத்து நட்சத்திரங்களை அடுக்குவது ஃபோர்ட்ரானின் பழக்கம். சி செய்ததே சரி.) ஸ்கேன்எஃப்பில் அதே %5டி என்றால் அதிகபட்சம் ஐந்து இடம். மாறிக்கு முன்னால் ஆம்பர்சண்ட் போடச் சொல்வதற்கும் காரணம் எளிது. சி மொழி செயற்கூறுக்கு மதிப்பின் நகலைத்தான் அனுப்பும்; படித்ததை எங்கே வைப்பது என்று தெரிய வேண்டுமானால் முகவரி வேண்டும். முதலில் ஒரு எண்ணையும் அடுத்து %சி-யால் ஓர் எழுத்தையும் வாங்கினால், எழுத்து வாங்காமலே நிரல் தாண்டிப் போய்விடும். எண்ணுக்குப் பின் நாம் தட்டிய என்டர் விசையையே அது எழுத்தாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். %சி-க்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டால் தீர்ந்தது. எத்தனையோ ஆய்வகங்களில் இதற்கு எஃப்ஃப்ளஷ் எஸ்டிடிஇன் என்று மந்திரம் சொல்லிக்கொடுக்கிறார்கள்; சி தரத்தில் அதற்கு அர்த்தமே வரையறுக்கப்படவில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ஊர்ப் பெயரும் எண்ணும் கொண்ட ஒரு பட்டியலை அச்சிட %-20எஸ் என்று எழுதுகிறோம்: இருபது இடம், இடப்பக்கம் ஒட்டி. ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர் போட்டால் பத்தி நூல் பிடித்த மாதிரி நிற்கும். தமிழில் கெடார் என்று போட்டால் சாய்ந்துவிடும். நமக்கு அது மூன்று எழுத்து. யூனிகோடுக்கு க, எகரக் கொம்பு, ட, கால், ர, புள்ளி என்று ஆறு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் பதினெட்டு. பிரின்ட்எஃப் எண்ணுவது பைட்டை. ஆகவே இருபது நிரம்ப இன்னும் இரண்டே இடம் என்று இரண்டு வெற்றிடம் மட்டும் விடும். திண்டிவனம் முப்பது பைட். அதற்கு ஒரு வெற்றிடம்கூட இல்லை, அடுத்த எண் ஒட்டிக்கொண்டு வரும். %.5எஸ் என்று சுருக்கச் சொன்னால் இன்னும் மோசம்: க வரும், கொம்பின் மூன்று பைட்டில் இரண்டோடு வெட்டு விழும், திரையில் கேள்விக்குறியோ கட்டமோ நிற்கும்.

ஒரு பைட் ஒரு எழுத்து என்பது 1972-ல் யாரும் சந்தேகிக்காத கணக்கு. அந்தக் கணக்கோடு பிரின்ட்எஃப் எழுதிய அதே கென் தாம்ப்சன்தான், இருபது வருஷம் கழித்து 1992-ல் ராப் பைக்கோடு சேர்ந்து யூடிஎஃப்-8 முறையையும் வகுத்தார். நம் கெடார் பதினெட்டு பைட்டானது அவர் கையால். அந்தப் பதினெட்டைப் பதினெட்டு எழுத்து என்று எண்ணும் செயற்கூறின் மூல உருவமும் அவர் கையால். குற்றம் சொல்ல வரவில்லை. யூடிஎஃப்-8 மட்டும் வராதிருந்தால் பழைய சி நிரல்கள் யூனிகோடு தமிழைத் தொட்டதும் உடைந்திருக்கும். அது வந்ததால் பத்தி சாய்வதோடு போயிற்று.

பைட்டை விட்டு யூனிகோடு குறிகளை எண்ணினாலும் நமக்குத் தீராது. கெடாரில் குறி ஆறு, எழுத்து மூன்று. எழுத்தையே சரியாக எண்ணிவிட்டாலும் ண அகலம், ர ஒடுக்கம். ஒரே அகலக் கட்டங்களில் எல்லா எழுத்தையும் அடைக்கும் டெர்மினல் திரை அதை எப்படி வரையும் என்பது திரைக்குத் திரை வேறு. தமிழ்ப் பட்டியல் நேராக நிற்க வேண்டுமென்றால் வெற்றிடத்தை நம்பாமல் எச்டிஎம்எல் அட்டவணைக்கோ விரிதாளுக்கோ போய்விடுவதுதான் புத்திசாலித்தனம்.

எண்கள் விஷயத்தில் கொஞ்சம் இரக்கம் உண்டு. இலக்கங்களை எப்படிப் பிரிப்பது என்பதை ஊர் வழக்கப்படி குறித்துக்கொள்ள 1989 தரத்திலேயே இடம் இருக்கிறது: வலமிருந்து முதலில் மூன்று, பிறகு இரண்டிரண்டு என்று சொல்லி வைக்கலாம். யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரப்படி சதவீதக் குறிக்கும் டி-க்கும் நடுவே ஒற்றை மேற்கோள் குறி போட்டால், அந்த ஏற்பாடு உள்ள கணினியில் 12,34,567 என்று லட்சக் கணக்கில் கமா விழும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு உதவியது வேறொன்று. ஒரு கோப்பில் இத்தனை பிழை என்று சொல்ல ஆங்கிலம் எண்ணை முதலிலும் கோப்பின் பெயரைக் கடைசியிலும் வைக்கும். தமிழில் பெயர் முன்னால் வர வேண்டும். வரிசை மாறினால் பிரின்ட்எஃப் பெயரை எண்ணாகப் படித்துக் குழம்பும். அதற்காகப் போசிக்ஸில் டாலர் குறி சேர்ந்தது: %2$எஸ்-இல் %1$டி பிழைகள் என்று எழுதினால் இரண்டாவது மதிப்பை முதலிலும் முதல் மதிப்பைப் பிறகும் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் மென்பொருள்களைத் தமிழாக்குகிறவர்களுக்கு இது அன்றாடக் கருவி. சி மொழியின் தரத்தில் இந்த டாலர் இன்னும் ஏறவில்லை. கல்லூரி ஆய்வகத்து நீலத்திரை டர்போ சி கம்பைலருக்கும் இது தெரியாது.